நடுகல் முதல் மரக்கன்று வரை: பொதுத்துயரம் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

பிறந்தோர் அனைவரும் ஒருநாள் இறப்பர் என்பது உலகறிந்த உண்மை. ஆயினும் அவ்வுண்மை ஒவ்வொரு சாவின்போதும் புதியதாகவே நம்மை வந்து தாக்குகிறது. நெடுநாள் நோயுற்றிருந்து மறைவோரின் பிரிவுக்கு மனம் ஒருவாறு ஆயத்தமாகிவிடுகிறது. நேற்றுவரை நம்மைச் சிரிக்க வைத்தவர், நேற்றுவரை நமக்கு அரியன காட்டி மகிழ்வித்தவர், இன்று இல்லை எனக் கேட்கும்போதோ ஊரே கலங்குகிறது. அவரை நேரிற் கண்டிராதவர்களும் கண்ணீர் வடிக்கின்றனர். இதனைப் பொதுத்துயரம் எனலாம்.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் விடியற்காலையில் நகைச்சுவை நடிகர் விவேக் மறைந்தபோது தமிழகம் அத்தகைய துயரில் ஆழ்ந்தது. அதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன், 2006 செப்டம்பர் 4ஆம் நாள், காட்டுயிர்களைத் தொலைக்காட்சி வழியே உலகுக்கு அறிமுகம் செய்துவந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் இறந்தபோது அந்நாடு முழுவதும் அவ்வாறே கலங்கிற்று. ஒருவர் மரம் வளர்த்த கலைஞர். மற்றவர் முதலையையும் பாம்பையும் நேசித்த காட்டுயிர்க் காவலர். இருவருமே இயற்கையின் பக்கம் நின்று மக்களோடு உரையாடியவர்கள். இவ்விருவர் மறைவையும் முன்வைத்து, முன்பின் பழகாத ஒருவருக்காக மக்கள் அழுவது ஏன், அவ்வழுகை எவ்வாறு நெறி தவறுகிறது, எவ்வாறு பயன் தருகிறது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையறுநிலை என்னும் துறை

பொதுத்துயரம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைக் குறிப்பிடுகின்றார். மறைந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது அத்துறையாகும். புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பொதுவியல் திணையில் அமைந்துள்ளன. 'கையறுதல்' என்பதற்குச் செயலற்றுப் போதல் என்பது பொருள். துயரின் முதல் அடையாளம் கண்ணீர் அன்று, கை ஓய்ந்துபோவதே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

அதியமான் நெடுமான் அஞ்சி போர்க்களத்தில் பட்டபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் ஓர் அரிய கற்பனை உண்டு. அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கேயே நின்றுவிடவில்லை; அவனை நம்பி வாழ்ந்த பாணரின் உண்கலத்தையும், இரப்போர் கைகளையும், புலவர் நாவையும் சேர்த்தே துளைத்துச் சென்றது என்பது அவர் கருத்து. ஒருவன் மார்பிற் பட்ட புண் எவ்வாறு ஊரின் புண்ணாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

மற்றொரு பாடலும் நினைக்கத்தக்கது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின், குடவாயிற் கீரத்தனார் அந்நாட்டில் பூத்திருந்த முல்லையைக் கடிந்துகொள்கிறார். சூடிக்கொள்ள எவர்க்கும் மனமில்லாத வேளையில் நீ பூத்ததுதான் எதற்கு என்பது அவர் கேள்வியின் உட்பொருள். துயருற்றவன் தன்னைச் சூழ்ந்த இயற்கையும் தன்னோடு அழவேண்டும் என எதிர்பார்க்கிறான். இவ்வெதிர்பார்ப்பில் அழகும் உண்டு. பின்னர்க் காணப்போவதுபோல் ஓர் ஆபத்தும் உண்டு.

காணாத நட்பு

அதியமானை ஔவையார் நேரில் அறிந்தவர். அவனிடம் நெல்லிக்கனி பெற்றவர். திரையிலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே கண்ட ஒருவருக்காக அழுவது பொருந்துமா எனச் சிலர் வினவுவர். 'சொந்தத்தில் சாவு விழுந்தாற்போல் அழுகிறார்களே' என வீட்டுப் பெரியவர்கள் இளைஞரைக் கடிந்துகொள்வதும் உண்டு.

இவ்வினாவுக்கும் நம் இலக்கியமே விடை தருகிறது. பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார், உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனை ஒருமுறையும் கண்டதில்லை. கேள்வியால் மட்டுமே இருவர்க்கும் நட்பு வளர்ந்தது. சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார் என உறுதியாக நம்பி அவருக்கென இடம் ஒதுக்கி வைக்கச் செய்தான். அவரும் வந்தார், உடன் உயிர் நீத்தார். நட்புக்குப் புணர்ச்சியும் பழக்கமும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்ற வள்ளுவர் கருத்தை விளக்கும் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டுகின்றார்.

மேலைநாட்டாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்னும் இருவர் 1956ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோரோடு மக்கள் கொள்ளும் உறவை விளக்கினர். திரையில் தோன்றுபவர் நம் முகம் நோக்கிப் பேசுகிறார். நம் கூடத்திற்கே நாள்தோறும் வருகிறார். நாம் உண்ணும்போதும் உடன் இருக்கிறார். அவர் நம்மை அறியார் எனினும், நாம் அவரை அறிந்ததாகவே உணர்கிறோம். இதனை ஒருவழி நட்பு எனலாம். ஒருவழி நட்பாயினும் அதன் பிரிவில் எழும் துயரம் பொய்யன்று.

கடலில் நேர்ந்த முடிவு

ஸ்டீவ் இர்வினுக்கு உலகெங்கும் வாய்த்தது இத்தகைய நட்பே. அவர்தம் பெற்றோர் 1970ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பீர்வா என்னும் ஊரில் ஊர்வனப் பூங்கா ஒன்றைத் தொடங்கினர். அங்கேயே முதலைகளோடும் பாம்புகளோடும் அவர் வளர்ந்தார். 1996 முதல் ஒளிபரப்பான 'முதலை வேட்டைக்காரர்' என்ற தொடரால் உலகப் புகழ் எய்தினார். பெயர்தான் வேட்டைக்காரர், அவர் செய்ததோ காத்தல். மான், மயில் எனக் கண்ணுக்கினிய உயிர்களை விரும்புதல் எல்லார்க்கும் எளிது. மக்கள் கண்டு அஞ்சும் உயிர்களையே அவர் தேர்ந்துகொண்டு, அவையும் அன்புக்கு உரியவை என உணர்த்தினார். 

வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் பவளத்திட்டு ஒன்றன் அருகே, ஆழமற்ற கடலில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, திருக்கை மீன் ஒன்றன் வால்முள் அவர் மார்பில் பாய்ந்தது. அப்போது அவர்க்கு வயது 44. எத்தனையோ முதலைகளிடம் தப்பியவரைச் சாதுவான மீன் ஒன்று மாய்த்தது என்னும் செய்தியை நம்ப இயலாமல் மக்கள் திகைத்தனர். பூங்காவின் வாயிலில் மலர்கள் குவிந்தன. அவர் எப்போதும் அணியும் காக்கிச் சட்டையின் நினைவாகக் காக்கிச் சட்டைகளில் இரங்கற் செய்தி எழுதி வைத்துச் சென்றனர். அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்த அரசு முன்வந்தது. தம் மகன் எளிய மனிதனாக நினைக்கப்படுவதையே விரும்பியிருப்பான் எனத் தந்தை அதனை ஏற்கவில்லை. செப்டம்பர் 20ஆம் நாள் அப்பூங்காவிலேயே நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். எட்டு வயதே நிரம்பிய மகள் மேடையேறித் தந்தையின் பணி தொடரும் எனப் பேசியதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது.

சித்திரையில் ஓர் இழப்பு

தமிழகத்தில் விவேக் மறைந்தது சித்திரைத் திங்களின் தொடக்கத்தில் ஆகும். 1987ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கிய 'மனதில் உறுதி வேண்டும்' படத்தின் வழியே அறிமுகமான அவர், நகைச்சுவையோடு மூடநம்பிக்கை எதிர்ப்பையும் சமுதாயச் சிந்தனையையும் கலந்து தந்தமையால் 'சின்னக் கலைவாணர்' எனப் போற்றப்பட்டார். 2009ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் வாழ்வின் பிற்பகுதியைத் திருப்பியவர் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். கலாம் தந்த ஊக்கத்தால் விவேக் 'கிரீன் கலாம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, 1 கோடி மரக்கன்றுகள் நடுவதைத் தம் இலக்காகக் கொண்டார். பள்ளிகள், கல்லூரிகள், சிற்றூர்கள் எனச் சென்று மாணவரைக் கொண்டே கன்றுகளை நடச் செய்தார். 2015 ஜூலை 27ஆம் நாள் கலாம் ஷில்லாங் நகரில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள், வாழத் தகுந்த பூமியை உருவாக்குதல் என்பதாகும். ஜூலை 30ஆம் நாள் இராமேசுவரம் பேய்க்கரும்பில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டபோது சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டனர். வழிகாட்டியை இழந்த அதே ஆண்டிலேயே விவேக் தம் இளம் மகனையும் இழந்தார். கை ஓய்வதற்கு இவ்விரண்டில் ஒன்றே போதும். ஆயினும் அவர் மரம் நடுவதை நிறுத்தவில்லை.

மாரடைப்பால் தம் 59ஆம் அகவையில் அவர் மறைந்தபோது, அதுவரை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசிய காலம் அது. எனினும், நம் வேலப்பன்சாவடிக்கு அதிகத் தொலைவில் இல்லாத விருகம்பாக்கத்தில் மக்கள் திரண்டு அஞ்சலி செலுத்தினர். காவல்துறை மரியாதையுடன் மேட்டுக்குப்பம் மின்மயானத்தில் அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. அன்றும் அதனை அடுத்த நாட்களிலும் தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் மரக்கன்று நட்டுத் தம் இரங்கலைத் தெரிவித்தனர். மாலையும் மலர்வளையமும் மறுநாளே வாடிவிடும். வேர்விடும் அஞ்சலி ஒன்றை மக்கள் தாமாகவே கண்டெடுத்தனர்.

துயரம் நெறி தவறும்போது

துயரத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. அது பழி போட ஒருவரைத் தேடும். இர்வின் இறந்த சில நாட்களில் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் குறைந்தது பத்துத் திருக்கை மீன்கள் கொல்லப்பட்டுக் கிடந்தன. சிலவற்றின் வால்கள் அறுக்கப்பட்டிருந்தன. அன்புத் தலைவருக்காகப் பழிவாங்குவதாக எவரோ எண்ணியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. வாழ்நாள் முழுவதும் உயிர்களைக் காத்தவர் பெயரால் உயிர்களைக் கொல்வது அவர் நினைவுக்கே இழுக்கு என அவர் நிறுவிய காட்டுயிர்க் காப்பு அமைப்பு கண்டித்தது.

தமிழகத்திலும் இதனை ஒத்ததொன்று நிகழ்ந்தது. மறைவதற்கு இரு நாட்களுக்கு முன், ஏப்ரல் 15 அன்று, விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனாத் தடுப்பூசி செலுத்திக்கொண்டார். மக்களும் அஞ்சாமல் செலுத்திக்கொள்ள வேண்டும் என வேண்டினார். அவர் மறைந்ததும் ஊசியே காரணம் என்ற பேச்சு பரவியது. இதயத்தின் இடப்பக்க இரத்தக் குழாயில் ஏற்பட்ட முழு அடைப்பே மாரடைப்புக்குக் காரணம் என மருத்துவர் விளக்கினர். ஒன்றிய அரசின் வல்லுநர் குழுவும் அவ்வாண்டு அக்டோபரில், மரணத்திற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை எனத் தெரிவித்தது. ஆயினும், கொள்ளைநோயின் கொடுமை மிகுந்திருந்த நாட்களில் அவர் எதைச் செய்யுமாறு மக்களை அழைத்தாரோ, அதன்மீதே அவர் சாவைக் காட்டி அச்சம் விதைக்கப்பட்டது. திருக்கையைக் கொன்ற கையும் வதந்தியைப் பரப்பிய வாயும் ஒரே பிழையைச் செய்தன. இரண்டும் மறைந்தவர்மேல் கொண்ட அன்பைக் காட்டியே அவர் பணியைச் சிதைத்தன.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டதையும் வன்முறை நிகழ்ந்ததையும் மூத்தோர் அறிவர். எனவே துயரத்திற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது தெளிவு.

இங்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று நினைவுகூரத்தக்கது. அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே இறந்தபோது பெருமானார் கண்ணீர் சிந்தினார்கள். கண் கலங்குவதும் உள்ளம் வருந்துவதும் இயல்பு, ஆயினும் இறைவனுக்கு உவப்பற்ற சொல் வாயினின்று வரலாகாது என்றார்கள். அன்று சூரிய கிரகணமும் நேர்ந்தது. பெருமானாரின் துயருக்காகவே சூரியன் மங்கியது என மக்கள் பேசத் தொடங்கினர். துயரில் இருந்த தந்தைக்கு ஆறுதலாக அமையக்கூடிய பேச்சு அது. ஆனால் அவர்கள் அதனை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என எடுத்துரைத்தார்கள். தம் சொந்தத் துயரின் நடுவிலும் உண்மையைத் துயருக்கு இரையாக்காத இப்பண்பு எச்சமயத்தாரும் போற்றத்தக்கதாகும்.

நடுகல்லும் மரக்கன்றும்

துயரத்தை நெறிப்படுத்தும் வழி யாது? நம் மரபு காட்டும் வழி, நடுதல். போரில் வீழ்ந்த வீரனுக்குச் சங்க காலத்தார் கல் நட்டனர். பெயரும் பீடும் பொறித்தனர். தமிழக முஸ்லிம்கள் அடக்கத்தலத்தில் மீசான் நட்டு, அருகே பசுஞ்செடி ஒன்றை ஊன்றுவதும் பல ஊர்களில் உள்ள வழக்கம். ஓய்ந்துபோன கைக்கு ஒரு வேலை தருவதே நடுதலின் உட்கருத்து எனலாம்.

இறந்தபின்னும் கொடுத்தவர் எனத் தமிழர் நாவில் பழமொழியாகவே நிலைத்துவிட்டவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. உமறுப்புலவரை ஆதரித்த பெருந்தகை அவர். அவர் அடக்கத்தலத்தில் வந்து புலவர் ஒருவர் உருகிப் பாட, மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டது என்பது வழங்கிவரும் கதை. கதை நிகழ்ந்ததா என்பது இங்கு வினா அன்று. நல்லோர் கொடை சாவோடு முடிவதில்லை என்று தமிழர் நம்பினர் என்பதே பெறத்தக்க கருத்து. ஒருவர் நட்ட மரத்தினின்று மனிதரோ பறவையோ விலங்கோ உண்பன யாவும் அவருக்குத் தருமமாகும் என்பது நபிமொழி. மரம் நட்டு மறைந்தவர் ஒவ்வொருவரும் இவ்வகையில் ஒரு சீதக்காதியே.

கத்திரி வெயில் வைக்கும் தேர்வு

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நடுகல் நட்டால் நிற்கும். மரக்கன்று நட்டால் மட்டும் நிற்காது. விவேக் நினைவாகக் கன்றுகள் நடப்பெற்றது ஏப்ரல் திங்களில். அடுத்த சில வாரங்களிலேயே கத்திரி வெயில் தொடங்கியது. சென்னை வட்டாரத்திற்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அதற்கு ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும். சித்திரையில் நட்ட கன்று பிழைக்க வேண்டுமாயின் ஐந்தாறு திங்கள் எவரேனும் நீர் ஊற்றியாக வேண்டும். நட்ட அன்று நிழற்படம் எடுத்துக்கொண்டவர் பலர். வைகாசியில் குடத்தோடு வந்தவர் யார் என்பதே கேள்வி. துயரத்தின் உண்மை அங்குதான் சோதிக்கப்படுகிறது.

எதை நடுவது என்பதிலும் கருத்து வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. அழகுக்காக வளர்த்த அயல்நாட்டு மரங்கள் பல எளிதில் சாய்ந்தன. வேம்பு, புங்கு, பூவரசு, நாவல், இலுப்பை, மருதம் முதலிய நம் மண்ணின் மரங்களையே தேர்ந்து நடுதல் நன்று. கன்றைச் சுற்றிக் கூண்டு அமைத்தலும், பாத்தி கட்டுதலும், துணைக்கு ஒரு கழி ஊன்றுதலும் இன்றியமையாதன.

நம் கடமை

நம் பகுதியின் ஊர்ப் பெயர்களே மரத்தையும் நிழலையும் நினைவூட்டுகின்றன. வேல மரக் காட்டின் பெயரால் அமைந்தது திருவேற்காடு. பூவின் பெயரைத் தாங்கி நிற்பது பூவிருந்தவல்லி. சாவடி என்பது வழிநடந்தோர் இளைப்பாறிய இடம். அச்சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டது வேலப்பன்சாவடி. நெடுஞ்சாலை அகலும்தோறும் நிழல் குறைந்துவரும் இந்நாளில் அப்பெயர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு. நட்ட கன்று தானே நீர் தேடும் அளவுக்கு வேரூன்றவும் ஏறத்தாழ இரண்டு மூன்று கோடைகள் ஆகும். கல்லூரியில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு மழைக்காலத்தில் ஒரு கன்றை நட்டு, பட்டம் பெறும்வரை அதனைப் பேணினால், இரண்டும் ஒருங்கே நிலைபெறும். ஜமாஅத்துப் பெரியோரும் இதில் துணைநிற்கலாம். பள்ளிவாசலில் ஒளூச் செய்த நீர் வீணே ஓடாமல் வளாகத்து மரங்களுக்குப் பாயுமாறு வாய்க்கால் அமைத்தல் அரிய செயலன்று. அடக்கத்தலத்தின் ஓரங்களில் நிழல்மரம் வளர்ப்பது, அங்கு வருவோர்க்கும் பறவைகட்கும் பயன்தரும்.

முடிவுரை

பழகாதவர்க்காக அழுவது பேதைமை அன்று. பிசிராந்தையார் மரபில் வந்த பெருந்தன்மை அது. அவ்வழுகை பழிதேடத் தொடங்கினால் திருக்கைகள் சாகின்றன, வதந்திகள் வாழ்கின்றன. அது பணியாக மாறினால் மறைந்தவர் கை மீண்டும் கொடுக்கத் தொடங்குகிறது. விருகம்பாக்கத்தில் விவேக் வாழ்ந்த பகுதியின் சாலைக்கு 2022ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகை அரசு செய்யும் சிறப்பு. அவர் குறித்த 1 கோடியில் அவரால் இயன்றது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு நம் கைகளுக்காகக் காத்திருக்கிறது. கையறுநிலையில் தொடங்கும் துயரம் நீர்க்குடம் ஏந்திய கையில் நிறைவு பெறுவதாக!